அப்பா வீட்டிலிருந்து வந்தது

கடலூர் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் மூட்டைகள் இத்தனை என்று சொல்லிக் கையெழுத்திடுவது என் வேலை. செல்வநாதன் கையெழுத்து விழுந்த தாளை மேலே யாரும் சரிபார்த்ததில்லை. அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். என் மனைவி இறந்த பிறகு, மகளையும் அழைத்துக்கொண்டு நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்த மகன் மைக்கேலின் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அந்தப் பெயரோடுதான்.

அறுபத்து மூன்றாம் வருடம் அக்டோபரில் நெல்லிக்குப்பத்திலிருந்து சூசைமாணிக்கம் என்பவர் வந்தார். அங்கே சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கீப்பர். அவருடைய பெண்ணை மைக்கேலுக்குப் பேசலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பியிருந்தார். நல்ல குடும்பம். காப்பி குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

“உங்களுக்குப் பிள்ளைங்க எத்தினி பேருங்க?”

“ஒரே பையன்” என்றேன்.

மைக்கேல் தலையைக் குனிந்துகொண்டான். சூசைமாணிக்கம் மேலே எதுவும் கேட்கவில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில்தான் என் மகள் செசிலியா ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். பையன் பெயர் தனகோட்டி, இந்து. பக்கத்துக் கிராமம். அவன் தகப்பனார் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். சுரங்கம் வந்தது, அவனுக்கு வேலை வந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல், தாலி மந்திரிக்காமல் நடந்ததைக் கல்யாணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டியை நானே தூக்கி வாசலில் வைத்தேன். பதினாறாம் பிளாக்கில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு, மாலை நடைக்கு அந்தத் திசையில் போவதையும் நிறுத்திவிட்டேன்.

ஆகவே, ஒரே பையன் என்று நான் சொன்னது வாய் தவறி வந்ததல்ல. மகள் இருக்கிறாள் என்றால் எங்கே கட்டிக்கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மைக்கேலின் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

சூசைமாணிக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். கிறிஸ்துமஸ் அன்று மதியம் குடும்பத்தோடு வாருங்கள், வான்கோழி விருந்து, அன்றே பேச்சை முடித்துக்கொள்வோம் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் பெரிய நாட்களுக்கு வான்கோழிதான்.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்தவர் வீட்டிலிருந்து நவம்பரிலேயே வான்கோழிச் சேவல் ஒன்றைக் கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கூடையின் மேலே தலையை நீட்டி, கழுத்துச் சதை தொங்க, அது எல்லோரையும் முறைத்துக்கொண்டே வந்தது.

“பெரியவரே, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்றார் கண்டக்டர். “மூஞ்சியப் பாத்தா உங்களுக்கும் மூத்ததா இருக்குதே!”

பஸ் முழுவதும் சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்பக்கத்துக் கொய்யா மரத்தில் அதைக் கட்டிப்போட்டேன். கயிறு காலை அறுத்தது. வீட்டிலிருந்த பழைய துணிகளில் கைக்குக் கிடைத்த ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றி, அதன்மேல் கயிற்றைக் கட்டினேன். அது என் மனைவியின் சேலைத் துணி என்று தெரியும். வேறு எதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

முதல் நாள் மாலையே தொல்லை ஆரம்பித்தது. ஷிப்டு மாறும்போது சுரங்கத்தில் சங்கு ஊதுவார்கள். ஊர் முழுக்கக் கேட்கும் சைரன் அது. சங்கு ஓய்ந்த மறு விநாடி, எங்கள் கொல்லையிலிருந்து வான்கோழி நெஞ்சை நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்து, ‘கொளகொளகொள’ என்று பதில் கொடுத்தது. ஒரு தடவையோடு விடவில்லை. நாளைக்கு மூன்று ஷிப்டு, மூன்று சங்கு, மூன்று பதில். ஒரு வாரத்தில் பிளாக் முழுவதும் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.

அடுத்த குவார்ட்டர்ஸ் வள்ளியம்மாள் சேத்தியாத்தோப்புக்காரி. வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

“என்னங்க பெரியவரே, உங்க வூட்டுச் சங்கு இன்னிக்கு லேட்டு! எங்க வூட்டுக்காரரு சட்டையப் போட்டுகினு நிக்கிறாரு, இது கூவினாத்தான் போவேங்கிறாரு!”

“பறவைக்கு என்ன தெரியும்” என்பேன்.

“தெரியாமலா? மைன்ஸ்ல இதப் பர்மனென்ட் பண்ணிடலாங்க.”

அது சலவைக்காரரைத் துரத்தியது. தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களை வள்ளியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் கட்டவிழ்ந்து வீட்டுக்குள் வந்து, பீரோக் கண்ணாடியில் இன்னொரு சேவலைக் கண்டு அரை மணி நேரம் சண்டை போட்டது. நான் கைத்தடியோடு நுழைந்தபோது கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். இருவருமே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வள்ளியம்மாள் பார்த்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் பறவைக்குப் பிளாக்கில் ‘பெரியவர்’ என்று பெயர் வந்துவிட்டது. “பெரியவர் இன்னிக்குத் தின்னாரா?” என்று யாராவது கேட்டால் எங்கள் இருவரில் யாரைக் கேட்கிறார்கள் என்று மைக்கேலுக்கே தெரியாது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். செசிலியா போன பிறகு அவன் சிரிப்பை நான் பார்த்தது அந்த ஆறு வாரத்தில்தான்.

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி மத்தியானம். முன்னறையில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தேன். வைக்கோலைப் பரப்பி, மேய்ப்பர்களை நிறுத்திவிட்டு, நட்சத்திரத்தை எடுக்கத் திரும்பினேன். வான்கோழி கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து வைக்கோலைக் கிளறியது. ஒரு மேய்ப்பர் தலைகுப்புற விழுந்தார். இரண்டு மண் ஆடுகள் உடைந்தன. நான் கையை ஓங்கவும், வள்ளியம்மாள் வீட்டு நாய் வாசலில் குரைக்கவும், அது என் தோளுக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, தெருவில் ஓடியது. காலில் சிவப்புத் துணி மட்டும் மிச்சம்.

பின்னாலேயே ஓடினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டாவது தெருத் திருப்பத்தில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பறவையைக் காணோம். நாலா பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலிகள். கோழி என்றால் ‘பா பா’ என்று கூப்பிடலாம். வான்கோழியை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அது பதில் சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

வேறு வழியில்லை. மறுநாள் சம்பந்தி வருகிறார். நடுத்தெருவில், சேறு படிந்த வேட்டியோடு நின்று, வாயைக் குவித்து, சங்கு போல “ஊ…” என்று ஊதினேன்.

கதவுகள் திறந்தன. “அய்யய்யோ, பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சி” என்று ஒரு குரல். ஒரு வீட்டில் ஒருவர் உண்மையாகவே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளருகே வந்து நின்றார். தூரத்தில், மிகத் தூரத்தில், ‘கொளகொள’ என்று ஒரு பதில் கேட்டது. சத்தம் பதினாறாம் பிளாக் இருக்கும் திசையிலிருந்து வந்தது.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மாலையில் மைக்கேல், “நான் போய்ப் பாத்துட்டு வரேம்பா” என்றான்.

“வேண்டாம்” என்றேன்.

“பறவையைத்தாம்பா.”

“வேண்டாம்னு சொன்னேன்.”

வள்ளியம்மாள் தன் வீட்டு நாட்டுக்கோழி இரண்டைப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் அவளே வந்து எங்கள் அடுப்பில் குழம்பும் வைத்தாள்.

சூசைமாணிக்கமும் அவர் மனைவி தெரசம்மாளும் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ஒரு பை நிறையச் சர்க்கரை கொண்டுவந்திருந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் உட்கார்ந்தார்.

“என்னங்க, வான்கோழி வாசனையக் காணோம்? பண்ருட்டி தாண்டுறப்பவே பசிய அடக்கிகினு வந்தேன்.”

மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. “நேற்று ஓடிப்போய்விட்டது” என்றேன். “தேடினேன். கிடைக்கவில்லை. நாட்டுக்கோழிதான் இன்று.”

“ஓடிப்போயிடுச்சா!” அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “உங்க கண்டிப்புக்கு வான்கோழியே ஓடுதுன்னா, எம் பொண்ணு எப்பிடிங்க இருக்கப் போவுது?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார்கள். மைக்கேல் தண்ணீர் ஊற்றப் போனான். நான் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கச் சன்னலுக்கு வெளியே வேலியருகில் குரல் கேட்டது. பத்து மாதமாகக் கேட்காத குரல்.

“அத்தை! அப்பா எனக்குத் தலைக் கிறிஸ்மஸ் சீரு அனுப்பிட்டாருங்க அத்தை!”

அவள் அத்தை என்று கூப்பிடும் வள்ளியம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

“நேத்து சாயங்காலம் வந்துது. அம்மா சேலைத் துணிய கால்ல கட்டி அனுப்பிகிறாரு. அம்மாவோட செவப்புச் சேலைங்க அத்தை. எனக்குத் தெரியாதா? ராவெல்லாம் நானும் எங்க வூட்டுக்காரரும் பேசிகினே இருந்தோம். அவருக்குக் காலை ஷிப்டு, இல்லன்னா அவரையும் கூட்டியாந்திருப்பேன். அப்பா அவரையும் வரச் சொல்லுவாரு இல்ல?”

எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த முதல் கிறிஸ்துமஸுக்குத் தாய்வீட்டிலிருந்து உயிரோடு ஒரு பறவையை அனுப்புவோம். காலில் சிவப்புத் துணி கட்டித்தான் அனுப்புவோம். என் மனைவிக்கு அவள் அப்பா வீட்டிலிருந்து அப்படித்தான் வந்தது. இந்த வழக்கத்தைச் செசிலியாவுக்குச் சின்ன வயதில் சொன்னவனும் நான்தான்.

இலையைத் துடைத்த துணி கையிலேயே இருந்தது. சூசைமாணிக்கமும் மனைவியும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பின்னாலேயே, வாசல் வழியாக, புதுச் சேலையில், ஈரத்தலையில் பூ வைத்துக்கொண்டு, கையில் அடுக்குக் கேரியரோடு செசிலியா நுழைந்தாள். இளைத்திருந்தாள். புது மனிதர்களைப் பார்த்ததும் நின்றாள். ஆனாலும் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. கேரியரைத் தரையில் வைத்து மேல்தட்டைத் திறந்தாள். வடகம் தாளித்த வாசனை அறை முழுவதும் ஏறியது.

தெரசம்மாள் எட்டிப் பார்த்தாள். “வான்கோழிதாங்க இது!”

சூசைமாணிக்கம் கைகொட்டினார். “பாத்தீங்களா! நேத்து ஓடிப்போன கோழி இன்னிக்கு கொழம்பாத் திரும்பி வந்துடுச்சி! எங்கேம்மா மாட்டிச்சி உங்கிட்ட?”

செசிலியாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஓடிப்போன’ என்ற சொல் அவளுக்குள் இறங்குவது தெரிந்தது. சிரிப்பு உடனே போகவில்லை. மறந்துபோய் விட்டுவிட்ட பொருளைப் போலச் சிறிது நேரம் உதட்டில் இருந்தது. அவள் மைக்கேலைப் பார்த்தாள். அவன் கையில் சொம்போடு கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

“யாருங்க இந்தப் பொண்ணு?” என்றாள் தெரசம்மாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். என் முன்னால் மூன்று இலைகள் இருந்தன, மைக்கேல் இருந்தான், இரண்டு மாதம் முன்பு நான் சொன்ன ‘ஒரே பையன்’ இருந்தது.

“பக்கத்து பிளாக்குப் பொண்ணு” என்றேன்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். செசிலியா குனிந்து கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இலைகளின் பக்கம் நகர்த்தினாள்.

“ஆமாங்க” என்றாள். “எங்க பிளாக்குல வந்து நின்னுகினு இருந்துது. யாருதுன்னு தெரியாம அறுத்துட்டேன். இங்கதுன்னு அப்புறந்தான் சொன்னாங்க. மன்னிச்சிக்குங்க.”

“அடடே, இதுல என்னம்மா இருக்குது” என்றார் சூசைமாணிக்கம். “வேற யாராவதா இருந்தா முழுசா முழுங்கிட்டு எலும்பக்கூட காட்டியிருக்க மாட்டாங்க. உக்காரு, ஒரு வாய் சாப்பிட்டுப் போ.”

“வூட்டுல வேலை இருக்குதுங்க.” வாசற்படியில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “கேரியர் அவசரமில்லைங்க. மொள்ளக் குடுங்க.”

போய்விட்டாள். வள்ளியம்மாள் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனாள். வான்கோழியைப் பற்றி அவள் அதன் பிறகு என்னிடம் வேடிக்கை பேசியதில்லை. வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

விருந்தாளிகள் ரசித்துச் சாப்பிட்டார்கள். “கைப்பக்குவம் தெரிஞ்ச பொண்ணு” என்று தெரசம்மாள் இரண்டு தடவை சொன்னாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அது என் மனைவியின் கை. வடகத்தைக் கறி வெந்தபிறகு போடாமல் முதலிலேயே போட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலை ஊற்றுகிற அதே முறை. தண்ணீரை ஊற்றி விழுங்கினேன்.

கல்யாணம் மே மாதம் என்று முடிவாயிற்று. அவர்கள் பஸ் ஏறியதும் மைக்கேல் டூட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

“இன்று உனக்கு லீவுதானே?” என்றேன்.

“பம்பு லீவு கேக்காதுப்பா” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். சிறிது நேரத்தில் சங்கு ஊதியது. கொல்லையில் சத்தமில்லை. பழக்கத்தில் நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்களில் கிடையாது. கழுவிக் காயவைத்த கேரியரில் சூசைமாணிக்கம் கொண்டுவந்த சர்க்கரையை நிரப்பி, புதுவருடத்தன்று காலைப் பூசை முடிந்ததும் பதினாறாம் பிளாக்குக்கு நடந்தேன். தண்ணீர்த் தொட்டியருகில் வாட்ச்மேன் மருதாசலம் என்னை நிறுத்தினான். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். முன்பு எங்கள் பிளாக்கில் காவல் இருந்தவன்.

“ஏனுங் பெரியவரே, வான்கோழி ருசியா இருந்துதுங்களா? நாந்தானுங் புடிச்சுக் குடுத்தேன். டூட்டிய உட்டுப்போட்டு உங்க ஊட்டுக்கு வர முடியலீங். அம்மிணி ஊடு பக்கத்துலதானேன்னு அங்க கொண்டுபோய், உங்கப்பா ஊட்லயிருந்து வந்துருக்குதுங் அம்மிணின்னு சொல்லிக் குடுத்துப்போட்டு வந்தனுங்.” குரலைத் தாழ்த்தினான். “அதுக்குப் போயி அம்மிணி அழுதுபோட்டாங்க. எதுக்குன்னே தெரியலீங்.”

வந்திருக்கிறது என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். அதில் பொய்யில்லை. வேலி தாண்டி வந்ததையும் அப்படிச் சொல்லலாம். சீராக வந்ததையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

அவன் காட்டிய வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. அதன் கீழே வால் போலச் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. கதவைத் தட்டினேன். செசிலியா திறந்தாள். உள்ளே ஒரு பையன் ஷேவ் செய்துகொண்டிருந்தான். அவனை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேரியரை நீட்டினேன். அவள் வாங்கினாள். கனத்தைப் பார்த்துத் தட்டைத் திறந்தாள்.

“சக்கரை எதுக்குங்க? கோழி உங்களுதுதான?”

“வெறும் பாத்திரமாக…” என்று ஆரம்பித்தேன். வரும்போது வழியெல்லாம் வேறு ஒன்றைச் சொல்வதாகத்தான் எண்ணியிருந்தேன்.

“யாரு, செசிலி?” என்று உள்ளிருந்து பையன் கேட்டான்.

அவள் திரும்பாமலே பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

“பக்கத்து பிளாக்குப் பெரியவருங்க. கேரியர் குடுக்க வந்துகிறாரு.”

பிறகு எட்டி, நட்சத்திரத்திலிருந்து துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். நாலாக மடித்து என் கையில் வைத்தாள்.

“இதுவும் உங்க வூட்டுதுதாங்க. தவறிப் போய் வந்துடுச்சி.”

நான் நின்றேன். அவள் கதவைச் சாத்தவில்லை. நான் போவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். ஒரு வீட்டுப் பெண் வெளியாள் ஒருவருக்குக் காட்டும் மரியாதை அது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்தான் முதலில் திரும்பி நடந்தேன்.

ஏப்ரலில் சூசைமாணிக்கம் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் பிரதியைத் திருத்துவதற்கு அனுப்பினார். ‘செல்வநாதன் அவர்களின் ஏக குமாரன்’ என்று போட்டிருந்தது. மைக்கேல் அதைப் படித்துவிட்டு, மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

சிவப்புத் துணி என் பூசைப் புத்தகத்துக்குள் இருந்தது. பத்திரிகையை எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தேன். கீழே, ‘பிழை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். என் கையெழுத்தை அவர்களும் சரிபார்க்கவில்லை.